கோமுவின் கிளிப்பச்சை

பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டினால் கொம்பையாவின் வெல்டிங் பட்டறை. கிரில் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் அங்கே செய்வார்கள். அதை ஒட்டிய தகரக் கொட்டகை அவன் மனைவி கோமுவுடையது. அவன் பற்றவைத்துத் தருவதற்கு அவள் பவுடர் கோட்டிங் போடுவாள். மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கி, துப்பாக்கி போன்ற கருவியால் வண்ணப் பொடியைத் தூவி, ஆளுயர ஓவனுக்குள் தொங்கவிட்டு, இருநூறு டிகிரி சூட்டில் வேகவைப்பாள். பொடி உருகி இரும்போடு தோலாக ஒட்டிக்கொள்ளும்.

கோமுவுக்கு ஒரே ஒரு குறைதான். ஊர்க்காரர்களுக்குக் கறுப்பையும் காப்பிப்பொடி நிறத்தையும் விட்டால் வேறு நிறம் தெரியாது. ஆசைப்பட்டு வாங்கிய கிளிப்பச்சைப் பொடி ஒரு பெட்டி, பிரிக்காமலே கிடந்தது.

ஒரு நாள் சாலோமி வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வாங்கி, வண்ணார்பேட்டை மெக்கானிக் தாஜ் முகம்மதுவின் உதவியோடு தானே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சாக்கு நிறைய இன்ஜின் குழாய்கள்.

"யக்கா, பானட்டைத் தொறந்தா எல்லாம் கரியும் துருவுமா கெடக்கு. நல்ல நெறமா போட்டுத் தருவியளா?"

"பானட்டுக்குள்ள யாரு டீச்சர் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா!"

அந்தப் பதில் கோமுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிளிப்பச்சைப் பெட்டியைப் பிரித்தாள். குழாய்களுக்குள் ஒரு மணல் துகள் நின்றாலும் இன்ஜின் கெட்டுவிடும் என்று தாஜ் முகம்மது சொல்லி அனுப்பியிருந்ததால், துணியை உள்ளே விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தாள். சாக்கில் புகை வெளியேறும் குழாயும் இருந்தது. "இது ரொம்பச் சுடுமே" என்று சாலோமி இழுத்தாள். "ஓவன்லயே வெந்து வருது, அதுக்கு மேல என்ன சூடு?" என்று கோமு அதற்கும் பச்சையே அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாலோமி காரோடு வந்து நின்றாள். "குலசை கடலுக்குப் போய்ட்டு வருவோம், ஏறுங்க." வேலை எதுவும் இல்லாமல், சும்மா ஒரு காரின் முன்சீட்டில் உட்கார்ந்து போவது கோமுவுக்கு அதுதான் முதல் தடவை. கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சாத்தான்குளம் தாண்டியதும் தீய்ந்த நாற்றம். பானட் இடுக்கில் புகை. பனைமரங்களுக்கு நடுவே காரை ஓரங்கட்டித் திறந்து பார்த்தார்கள். புகைக் குழாயின் பச்சை கருகி, சுருண்டு, உரிந்து தொங்கியது.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன தாயி, வண்டி தீப்பிடிச்சிட்டா?"

"இல்லண்ணாச்சி, பெயின்ட் வேகுது" என்றாள் சாலோமி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கோமுவுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு குழாய்தான் அப்பளமாயிட்டு. மத்ததப் பாருங்க யக்கா."

கோமு குனிந்து பார்த்தாள். டர்போ காற்றை அமுக்கி அனுப்பும் குழாயில், புகைக் குழாயை ஒட்டிய பக்கம் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கூலரில் ஆறிய காற்று இன்ஜினுக்குப் போகும் குழாயோ அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்தது போல மின்னியது. "ஒரு இன்ஜினுக்குள்ள சூட்டுல இம்புட்டு வித்தியாசமா!" என்றாள். குலசைக் கடலில் முழங்கால் நனைய நிற்கும்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துண்டுத் தகடுகளை விரலளவுக்கு வெட்டி, கொட்டகையில் இருந்த எல்லா நிறங்களையும் அவற்றில் அடித்தாள். அவளும் சாலோமியும் அவற்றை பானட்டுக்குள் இன்ஜினைச் சுற்றி அங்கங்கே கம்பியால் கட்டினார்கள். வாராவாரம் பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் என்று இருவரும் கிளம்பிவிடுவார்கள். மலையேறி முடித்ததும் பானட்டைத் திறந்து, எந்த நிறம் எங்கே தாங்கியது, எது எங்கே மங்கியது என்று பார்ப்பார்கள்.

"ஏளா, இது சோதனையா, சுத்துலாவா?" என்றான் கொம்பையா.

"ரெண்டுந்தாங்க."

கடைசியில் புகைக் குழாய்க்குப் பவுடர் ஆகாது என்று முடிவாயிற்று. தாஜ் முகம்மது கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த, கொதிசூடு தாங்கும் வெள்ளி நிறப் பெயின்டை அதற்கு அடித்தார்கள். பக்கத்துக் குழாய்க்குச் சூடு படாமல் கொம்பையா நடுவில் ஒரு தகடு வளைத்து மாட்டிக் கொடுத்தான். காற்றுக் குழாய்கள் கிளிப்பச்சையாகவே நின்றன. வண்ணார்பேட்டையில் அந்தப் பானட்டைத் திறந்த இடத்திலெல்லாம் ஆள் கூடியது. ஆரஞ்சு, ஊதா, மாம்பழ மஞ்சள் என்று கேட்டுக்கொண்டு பையன்கள் பேட்டைக்கு வர ஆரம்பித்தார்கள். கோமு எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: "காத்து போற குழாயா, புகை போற குழாயா?"

இந்த வருஷம் அவள் கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டாள். போன வாரம் சேரன்மகாதேவி ரோட்டில் சாலோமியின் காரை அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் சாலோமி, பின்சீட்டில் கொம்பையா. இருபுறமும் நடவு முடிந்த வயல். ரோடு காலியாக இருந்தது. கோமு மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தாள். டர்போ விசிலடித்தது, கார் எகிறிப் பாய்ந்தது.

"பைய போளா, பைய!" என்று கொம்பையா முன்சீட்டைக் கட்டிப்பிடித்தான். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்களேன்!"

சாலோமி திரும்பிப் பார்த்தாள். "நாலாவது கியரப் போடுங்க யக்கா" என்றாள்.