யாருடைய சூப்?

ஓஹாயோவின் ஒரு சிற்றூரில், ஊரார் தரும் நன்கொடைகளைச் சேர்த்து உள்ளூர்த் தொண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளையை நடத்திவந்தாள் வெல்மா. யார் கோபத்துக்கும் நடுங்கிப் பழக்கமில்லாதவள். ஒருநாள் பெரிய பண்ணைக்காரர் ராஸ்கோ கதவை அறைந்துகொண்டு உள்ளே வந்தார்.

“ஜெயில்லேர்ந்து வந்தவனுக்கெல்லாம் என் காசுல சூப்பா? அந்த இலவசச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் குடுக்கிறத உடனே நிறுத்தும்மா!”

“உங்க காசா? அத எங்ககிட்ட குடுத்தாச்சு, வரிச்சலுகையும் வாங்கியாச்சு. இனி அது ஊர்க்காசு. நீங்க யோசனை சொல்லலாம், முடிவு எங்க குழுவோடது.”

“உன் வேலைக்கே உலை வச்சிடுவேன்!”

“வைங்க. அடுத்து இந்த நாற்காலியில உட்கார்றவளும் இதையேதான் சொல்வா.”

வெல்மா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“வழிய விடுங்க, நான் அங்கதான் சாப்பிடப் போறேன். வேணும்னா நீங்களும் வாங்க. ஜெயிலுக்குப் போகாதவங்களுக்கும் ஊத்துவாங்க.”