தறி ஓடட்டுங்க

பயிற்சி வகுப்பில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை செய்யப்போகிற காரியத்துக்கான யோசனை எனக்கு வந்தது அந்த நிமிஷத்தில்தான். பள்ளி ஆலோசகருக்கு முதல் தேவை அமைதியான ஓர் அறை என்று பயிற்றுநர் சொல்ல, எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டார். "அமைதியான அறையில எங்க அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசலைங்க சார்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. எனக்கோ சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எடப்பாடிப் பக்கம் எங்கள் வீடு. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் இரண்டு வரிசையாக விசைத்தறிகள். நான் ஐந்தாவது படிக்கும்போது அக்கா பிளஸ் ஒன். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, டவுனில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனவள், ஆடி மாதம் முடிவதற்குள் இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் வயிற்றுவலி. அம்மா ஓமத்தண்ணி காய்ச்சினாள். பெரியம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். வலி பள்ளிக்கூட மணிக்குச் சரியாக வந்தது; ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொண்டது.

அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்தது. ஆள் கிடைக்காமல் சும்மா நின்ற கடைசி இரண்டு தறிகளையும் அவளே பார்த்துக்கட்டும் என்றார். இதை யாரும் தண்டனையாக நினைக்கவில்லை. எங்கள் தெருவில் படிப்பு நின்ற பிள்ளைகள் மறுநாளே தறிக்கு வந்துவிடும், மழைத்தண்ணி பள்ளத்துக்கு வருகிற மாதிரி. வருகிற திங்கட்கிழமையும் போகாவிட்டால் டி.சி. வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

அப்போது சேலத்திலிருந்து வேனில் பள்ளி பள்ளியாக வந்துபோகும் ஆலோசகர் மேடம் ஒருவர் இருந்தார். அக்காவை வரவழைத்து, ஆய்வகத்தில் கதவைச் சாத்தி, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, பதமாகக் கேட்டிருக்கிறார். அக்கா எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் நின்றால் ஏதோ கெட்டுப்போயிற்று என்றுதான் அர்த்தம். கரண்டு போயிருக்கும், இல்லையென்றால் தெருவில் யாராவது தவறியிருப்பார்கள். சேலத்து மேடத்துக்கு அது தெரிய வழியில்லை.

ஆனால் அவர் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். பெரிய மனுசர் வந்தால் எங்கள் ஊரில் செய்கிற மரியாதையை அப்பா உடனே செய்தார்: எல்லாத் தறிகளையும் நிறுத்தினார். டீ வந்தது. நிசப்தமும் வந்தது. "பேசு சாமி, டீச்சரம்மா உனக்காவ எத்தன தூரம் வந்திருக்காங்க" என்று அம்மா கெஞ்சினாள். அக்கா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

சும்மா நிற்கிற தறிகளையும் அப்பா முகத்தையும் மேடம் மாறி மாறிப் பார்த்தார். "என்னால வேலை கெட வேண்டாம். தறி ஓடட்டுங்க" என்றார். அப்பா சுவிட்சுகளைப் போட்டார். வீடு பழையபடி அதிர ஆரம்பித்தது. மேடம் மெல்ல நடந்துபோய் அக்கா பக்கத்தில் நின்றார். அக்கா அவர் காதில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

மேடம் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இந்த இரைச்சலில் எதுவும் வெளியே போகாது என்று நினைத்திருப்பார். எனக்கல்லவா விஷயம் தெரியும். தறிக்காரர்கள் காதால் பேச்சுக் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் கேட்போம். அதில் என் அம்மாவை மிஞ்ச தெருவில் ஆளில்லை. நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, எதிர்ப் பட்டறையில் நடக்கிற புருசன் பெண்டாட்டி சண்டையை முழுசாகச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட என் அம்மா, தறி ஓடத் தொடங்கியதும் வேலைக்குத் திரும்பி, எதிர் வரிசையில், அக்காவுக்கு நேர் எதிரே, அறுந்த இழையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரகசியம் ஒழுகுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய், நூல் பெட்டியின்மேல் ஏறி, அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். திரும்பவும் போய் நின்றேன். "நகரு புள்ள" என்று உதட்டால் அதட்டினாள். பிறகு மேடத்தின் காதைவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"கிளாஸ்ல எந்திரிச்சுப் படின்னு சொன்னாலே நெஞ்சு அடைக்குதுங்க. கை நடுங்குது. அங்கயே செத்துருவனோன்னு பயமா இருக்குது."

பிளஸ் ஒன் படிக்கிறவளுக்கு, எதிரே அம்மா இருக்கிறாள் என்கிற விவரம்கூட இல்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆனால் ஓர் இழையை முடிய அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அப்பா டி.சி. பேச்சை எடுத்ததும் அம்மா சொன்னாள்: "ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்த ரெண்டு தறியும் சும்மாவே நிக்கட்டுங்க. திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போயி, வகுப்பு வாசல்ல உக்காந்துக்கறேன்." அப்படியே உட்கார்ந்தாள். மேடமும் வகுப்பாசிரியரிடம் பேசி, அக்கா தானாகக் கை தூக்கும்வரை அவளைப் படிக்கச் சொல்லாமல் பார்த்துக்கொண்டார். அக்கா இப்போது நாமக்கல்லில் வேலை பார்க்கிறாள். நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் கை நடுங்கும். அதனால் உயிர் போகாது என்பது மட்டும் தெரியும்.

அம்மா கண்ணில் பட்டுவிடுவாள் என்று நான் மறைத்தேன். அம்மா கண்ணில் படவேண்டும் என்றுதான் அக்கா பேசினாள். அம்மா முகத்தைப் பார்த்து நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல, அவளுக்குப் பேச ஒரு காது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இது விளங்க நான் உளவியல் படிக்க வேண்டியிருந்தது.

இப்போது என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். அமைதியான அறையில் எவ்வளவோ பேசிப் பார்த்தாயிற்று, வாய் திறப்பதில்லை. அவனும் தறி வீட்டுப் பிள்ளை. உங்கள் வீட்டுக்கே வந்து பேசட்டுமா, அம்மா எதிரில் இருப்பாங்களே என்று கேட்டேன். "தறி ஓடுச்சுன்னா சரிங்க மிஸ்" என்றான். வருகிற சனிக்கிழமை போகிறேன். அவன் அம்மாவுக்குப் போன் செய்து, தறியை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் நிறுத்தப் பார்ப்பார்கள். போனதும் நேராகச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும்.