கூட்டுத்தொகை எட்டு

எங்கள் தொழிற்சாலையில் செய்த பைக் எங்கள் தொழிற்சாலைக்கே திரும்பி வர, வெளிநாட்டு வண்டிக்குப் போடும் சுங்க வரியைக் கட்ட வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஒரகடத்தில் பிறந்த வண்டி ஒரகடம் வருவதற்கு வரியா, இதென்ன கூத்து என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். தொகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி விலைக்கு மேலே ஏறக்குறைய இன்னொரு வண்டி விலை. கொள்ளைக்காரன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்.

நான் எக்ஸ்போர்ட் பேக்கிங்கில் டீம் லீடர். பதினோரு வருஷ சர்வீஸ், பர்மனென்ட். வெளிநாட்டுக்கு மட்டும் போகும் பெரிய எஞ்சின் வண்டிகளைப் பெட்டியில் அடைத்துக் கன்டெய்னரில் ஏற்றுவது என் வேலை. அப்படி ஏற்றிய ஒரு கன்டெய்னர் கடலில் இருக்கும்போதே அந்த நாட்டில் வெளிநாட்டு பைக்குகளுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். இந்த விலைக்கு எவன் வாங்குவான் என்று அங்கிருந்த டீலர் சரக்கையே எடுக்க மறுத்துவிட்டான். நாற்பது பெட்டிகளும் சென்னைத் துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிட்டன.

இங்கிருந்து போன சரக்குதான் என்று நிரூபித்தால் அந்தப் பெரிய வரி கிடையாதாம். அதற்கு ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் நம்பரும், அனுப்பும்போது கொடுத்த லிஸ்டில் இருக்க வேண்டும். முப்பத்தொன்பது இருந்தது. ஒன்று இல்லை.

"அந்த நம்பர் அதே நாள்ல வேற நாட்டுக்குப் போன கன்டெய்னர் லிஸ்ட்ல இருக்கு" என்றார் மேனேஜர். "பேப்பர்படி அந்த வண்டி வேற எங்கயோ ஓடிக்கினு இருக்கணும். அப்ப இங்க நிக்கிறது எந்த வண்டின்னு கஸ்டம்ஸ்ல கேக்குறாங்க. ரெண்டு லிஸ்ட்டையும் அந்தப் பொண்ணு கலக்கி வச்சிருக்குது."

அந்தப் பெண் எங்கள் செக்‌ஷனில் லிஸ்ட் அடிப்பவள். தென்காசிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் நாலு பேரோடு ஒரே ரூமில் இருந்தாள். மூன்று வருஷமாக ஒரு ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக்கப் போகிறவர்களில் இந்த முறை அவள் பெயரும் இருந்தது. ஆர்டர் கைக்கு வருவதுதான் பாக்கி. வீட்டுக்குக்கூடச் சொல்லிவிட்டாள்.

லிஸ்டைக் கலக்கியது அவளல்ல, நான்.

எனக்கு எட்டு ஆகாது. கூட்டுத்தொகை எட்டு வரும் நம்பரில் ஒரு பழைய வண்டி வாங்கி, படப்பை வளைவில் காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் கிடந்தவன் நான். அதிலிருந்து எந்தக் கன்டெய்னரிலும் முதல் பெட்டியாக எட்டை ஏற்ற மாட்டேன். பெட்டிமேல் இருக்கும் சேஸிஸ் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைக் கூட்டிப் பார்ப்பேன். எட்டு வந்தால் வேறு பெட்டியை முதலில் ஏற்றிவிட்டு அதைப் பின்னால் ஏற்றுவேன். பசங்கள் கிண்டல் பண்ணுவார்கள். போங்கடா என்பேன்.

அன்றைக்கு இரண்டு கன்டெய்னர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஃபோர்க்லிஃப்ட் தூக்கி வந்த முதல் பெட்டி எட்டு. வேறு பெட்டி எடுத்து வர நேரமாகும். பக்கத்துக் கன்டெய்னர் பாதி ஏறியிருந்தது, அங்கே இதே மாடல் பெட்டியோடு இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் காத்திருந்தது. நடுவில் போகும் எட்டு யாரை என்ன செய்யும்? மாற்றி ஏற்றச் சொன்னேன். லிஸ்டை மாற்றச் சொல்லி அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சாப்பாட்டு பெல் அடித்தது, மறந்துபோனேன். இத்தனைக்கும் அந்த எட்டு நல்லபடியாகப் போய் விற்றும் போய்விட்டது. நான் பார்த்துப் பார்த்து ஏற்றிய நல்ல நம்பர்தான் திரும்பி வந்து நின்றது.

மேனேஜர் முன்னால் நின்றுகொண்டு இதையெல்லாம் நினைத்தேன். அந்த வரித் தொகை என் கண்ணிலேயே நின்றது. என் சம்பளத்தில் பிடித்தால் என்ன ஆவது, பதினோரு வருஷம் ஒரே நாளில் போய்விடுமோ என்று பயம். வாய்க்கொழுப்பில் எவனுக்கும் குறையாதவன் நான். அன்றைக்கு மட்டும் ஊமையாகிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் இரண்டு லிஸ்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, ராத்திரி பூரா பாத்துட்டேன். எங்க தப்பு பண்ணுனேன்னே தெரியல. நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

தாளை வாங்கிப் பார்த்தேன். பார்ப்பது போல் நடித்தேன் என்று சொல்வதுதான் சரி. "அப்புறம் பாக்குறேம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அன்று பெட்டிகளை மாற்றி ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மணிமங்கலத்துக்காரன். ஒரு வாரம் லீவில் இருந்தவன், அடுத்த நாள் வேலைக்கு வந்ததும் விஷயம் கேள்விப்பட்டு நேரே என்னிடம் வந்தான்.

"இன்னாண்ணா இது? பழி ஒரு எடம், பாவம் ஒரு எடமா? நீ சொல்றியா, நான் போய் சொல்லவா? உன்ன இன்னா பண்ணிருவாங்க, நீ பர்மனென்ட்டு."

போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டுக்குப் பயந்து பண்ணியாய்யா இத? சரி, மெமோ தர்றேன், பதில் எழுதிக் குடு."

"அவ்வளவுதானா சார்? அந்தப் பொண்ணு?"

"அத நேத்து சாயங்காலமே வேலைய விட்டு எடுத்து ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பியாச்சே. காரணம் எழுதி மேலயும் அனுப்பிட்டோம், வரியும் கட்டியாச்சு. முடிஞ்ச விஷயத்த இப்ப வந்து கிளறாத."

வாழ்க்கையில் அப்படி ஒரு அதிர்ச்சி எனக்கு இல்லை. கத்தினேன். தப்புப் பண்ணியவன் முன்னால் நிற்கிறேன், பண்ணாதவளை எதற்கு அனுப்பினீர்கள் என்று மேசையைத் தட்டினேன். செக்யூரிட்டி வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். தப்பு ஒன்றுதான். எனக்கு ஒரு மெமோ தாளோடு போயிற்று, அவளுக்கு வேலையே போயிற்று.

நேரே சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அவள் துணிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாந்தான் தப்பு பண்ணிட்டேம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேம்ணே" என்றாள். "எவ்வளவு பாத்தும் தப்பு தெரியல. அப்ப நாந்தான் பண்ணியிருக்கணும்னு நெனச்சேன்."

கையிலிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"லிஸ்ட்டக் கொண்டாந்து காமிச்சேம்லா, அப்பவே ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன்.