கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அப்போது சேக்காட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. டாங்கி ஓட்டுகிறவர் குனியாமலே மீட்டரைப் பார்க்கட்டும் என்று, மூன்று வருஷமாக வீட்டில் ஒரு ஹெல்மெட் செய்தார். பழைய வீடியோ கேமராவில் இருந்து கழற்றிய கட்டைவிரல் அளவு டிவிக்குழாய் நம்பரைக் காட்டும்; அதைக் கண்ணுக்குத் திருப்ப, முன்னால் சாய்வாக, லேசாக ரசம் பூசிய ஒரு சின்னக் கண்ணாடி. மாட்டிப் பார்த்தால் தெருவும் தெரியும், தெருவின்மேல் நம்பரும் மிதக்கும்.

ஆயுத பூஜை லீவு முடிந்ததும் அதிகாரிகளிடம் காட்ட இருந்தார். நான் சுத்தியல், ஸ்பேனர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அந்தக் கண்ணாடிக்கும் வைத்தேன். மறுநாள், விளக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல விபூதி போட்டுத் துடைத்தேன். மேலே பூசியிருந்த ரசம் துணியோடு வந்துவிட்டது.

அவர் மாட்டிப் பார்த்தார். "நம்பரே தெர்லியே. இன்னாமே பண்ண?"

"பொட்டு வெச்சேங்க. நல்லா வரட்டும்னுதான்."

"நல்லா வந்துச்சுமே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அதுபோல் கண்ணாடி மறுபடி கிடைக்கவில்லை. ஹெல்மெட் பரணுக்குப் போனது. அதன்பிறகு சாகும்வரை வீட்டில் அவர் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "நான்தான் கைதவறிக் கெடுத்துட்டேன்" என்றே சொன்னார். அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். பேத்தியம்மா, சத்தமாகப் படி. கெடுத்தது நான் என்று சரியாக எழுதியிருக்கிறேனா, பார்.