பிரிகிற இடத்தில் டீ போடுகிறவர்

டிவி படத்தில் நண்பர்கள் இருவரும் முறைத்துக்கொள்ளத் தொடங்கியதுமே லிஃப்ட்காரர் எழுந்துவிடுவார். "டீ போட்டுட்டு வரேன்." படத்தை நிறுத்தி வைக்க விடமாட்டார், ஓடட்டும் என்பார். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் வசவுகள் கேட்காது. டம்ளர்களோடு திரும்பும்போது அந்த இருவரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பார்கள். "பாத்தீங்களா, சேந்துட்டானுங்க" என்று, தானே சேர்த்து வைத்ததுபோல நாற்காலியில் விழுவார். நாற்காலி பாவம்.

பழுதான லிஃப்ட்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். பார்ப்பதோ ஒரே வகைப் படம்: ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு பேர் நண்பர்களாகிற படம். வழிப்பறிக்காரனும் நீதிபதியும், குத்துச்சண்டைக்காரியும் பொம்மை தைக்கிறவரும், இப்படி. "ஒரே மாதிரி ரெண்டு பேரு சேந்தா அதுல என்னங்க அதிசயம்? செங்கல் கூடத்தான் பக்கத்துப் பக்கத்துல இருக்கு."

கூட உட்கார்ந்து பார்ப்பவர் மேல்மாடிப் பல் டாக்டர். லிஃப்ட்காரர் பேசினால் ஜன்னல் அதிரும். டாக்டர் பேசினால் அவர் சட்டைப் பொத்தானுக்கே கேட்காது. கைக்குட்டை விரிக்காமல் எங்கும் உட்காரமாட்டார். நான்கு வருடத்துக்கு முன் அவர் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு பயத்தில் மூச்சுத் திணறியபோது, வெளியே வேலை பார்த்துக்கொண்டே லிஃப்ட்காரர் ஒரு படக் கதையைச் சொல்லித் தேற்றினார். கதவு திறந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அப்புறம் ரெண்டு பேரும் சேந்தாங்களா?" அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் தவறாமல் படம்.

போன மாதம் டாக்டர் சொந்தமாகக் கிளினிக் திறந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பூந்தொட்டியுமாக லிஃப்ட்காரர் போனார். "இவர் யாரு?" என்று ஒரு பெரிய டாக்டர் கேட்க, நம்மவர் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் மேல்மாடி டாக்டரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "எங்க கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்."

பொய்யில்லை. அதுதான் வலித்தது. தொட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டார். அப்புறம் மூன்று சனிக்கிழமை டிவி ஓடவில்லை. டாக்டரும் இறங்கி வரவில்லை.

நாலாவது வாரம் தாங்க முடியவில்லை. சமாதானமாகப் போய்விடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. சேர்வது எப்படி என்று அவருக்குத் தெரியாது. இத்தனை படத்திலும் அந்த நேரத்தில் அடுப்படியில் அல்லவா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, நான்கு படங்களில் டீ போட்ட பகுதிகளை மட்டும் தேடிப் பார்த்தார். முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது.

"ஒருத்தன் மழையில நின்னு அரை மணி நேரம் பேசுறான். இன்னொருத்தன் ஆஸ்பத்திரியில கெடக்கான். நமக்கு மழையும் இல்ல, நோவும் இல்ல."

"பல்லு இருக்குல்ல" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். "அதைத் தூக்கிட்டுப் போங்க."

திங்கட்கிழமை கிளினிக் வரிசையில் போய் உட்கார்ந்தார். பாறையைக் கடித்தால் பாறைதான் அழும், அப்பேர்ப்பட்ட பற்கள். டாக்டர் சாய்நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். பதில் பேச முடியாத வாயைக் கண்டதும் அவருக்குத் தைரியம் வந்தது போலும்.

"அன்னைக்கு சிநேகிதர்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சுத்தி நின்னவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. கூசிட்டேன். இப்ப என்னை நெனச்சா எனக்கே கூசுது. மூணு வாரமா படியேறித்தான் வீட்டுக்குப் போறேன். லிஃப்ட்ல ஏறினா உங்க குரல் கேக்குது."

கண்ணாடி ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. முப்பத்திரண்டையும் இரண்டு சுற்று சுற்றியது. கடைசியில் டாக்டர் அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"ஒண்ணும் இல்ல. வாயை மூடிக்கலாம்."

லிஃப்ட்காரர் மூடவில்லை. ஆவென்று திறந்தபடியே படுத்துக்கொண்டு, கையை மட்டும் தூக்கி, மேலே சொல்லுங்கள் என்று ஆட்டினார்.