நாலாம் கட்டிலுக்கு டொரொண்டோவிலிருந்து ஒரு வாசல்

புதன், பகல் பன்னிரண்டேகால். நாகப்பட்டினத்திலிருந்து நாலு மணி நேரம் கடலில் ஆடிவிட்டுக் காங்கேசன்துறையில் இறங்கியபோது தரையும் ஆடுவதுபோல் இருந்தது. சுங்க அதிகாரி என் பையைக் கிளறியபடி, "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்றார். ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கள்ளர்களிடமிருந்து காப்பது எப்படி என்று படிக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"உந்தப் பெரிய மிசினை ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

தூக்கவே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட் வழியாக உள்ளே நுழையலாம் என்று விளக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசை முணுமுணுத்ததால் விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணம் பதினெட்டு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நூறு ரூபாய். மருதனார்மடம் சந்தியில் சந்தைச் சனம் ஏறியதிலிருந்து யாரோ ஒருவரின் வாழைக்குலை என் மடியில் பயணம் செய்தது. பதினாறு வருடமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். இரண்டு நாள் வகுப்பில் எனக்குத் தெரியாததை என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற மிதப்போடுதான் போனேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கே மிதப்பு இறங்கியது. பாடம் நடத்திய பொறியாளர் துஷ்யந்திக்கு முப்பது வயதிருக்கும். மாணவர்கள் பதினோரு பேரும் அவரைவிட மூத்தவர்கள். "உங்கடை ஆஸ்பத்திரியிலை நெற்வேர்க்கிலை இருக்கிற மிசின் எத்தினை? யோசிக்காமல் எழுதுங்கோ" என்றார். ஒன்பது என்று எழுதினேன். தேநீருக்குப் பிறகு, மருந்து செலுத்தும் பம்ப், லேப் கருவி, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக நினைத்து எண்ணினால் பதினேழு.

"இருக்கிறதே தெரியாட்டி எப்பிடிக் காப்பாத்துவியள்?" என்றார். அன்றைய பாடமெல்லாம் இப்படி எளிமையானதுதான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்று. கருவிகளும் நோயாளியைப் பார்க்க வருபவர்களின் போன்களும் ஒரே வைஃபையில் இருக்கக் கூடாது. கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். செய்திருக்கிறாயா என்றால் தலை குனியும்.

வெள்ளிக்கிழமை செய்முறை. பக்கத்து இருக்கை யோகன் அண்ணை, கரவெட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கருவிகளைப் பார்ப்பவர், "எங்கடை இடத்தையே வந்து பாருங்கோவன்" என்று எங்களை அழைத்துப் போனார். அதற்குப் பக்கத்து நெல்லியடி வரை பஸ் நூற்று முப்பது ரூபாய். வழியில் வல்லை என்ற திறந்தவெளியில் அடித்த காற்றில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு வெளிநாடு. லண்டன், பாரிஸ், டொரொண்டோ என்று தலையணை தோறும் ஒரு போன் பேசிக்கொண்டிருந்தது. நாலாம் கட்டிலில் கந்தையா என்ற தோட்டக்காரர், இதயம் பலவீனமானவர். பக்கத்தில் மகள் வாசுகி. யோகன் அண்ணை பெருமையோடு அவருடைய மானிட்டரைக் காட்டினார்.

"மகன் டொரொண்டோவிலை இருந்தே தேப்பன்ரை துடிப்பைப் பாக்கிறார். நான்தான் அதுக்கு இன்டர்நெட்டிலை வழி திறந்து விட்டனான்."

துஷ்யந்தி முதலில் கந்தையாவின் மானிட்டரில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டார். பிறகு யாருக்கும் பொருத்தாத ஒரு மானிட்டரை அதேபோல் இணைக்கச் சொல்லி, அனுமதி கேட்டுக்கொண்டு, தன் போனுடன் வெளியே தெருவுக்குப் போனார். பத்து நிமிடம் ஆகவில்லை. துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போனால் கத்த வேண்டிய அந்தக் கருவியில், எங்கள் கண் முன்னாலேயே, ஐம்பது இருபதாக மாறியது. இனி ஒருவர் சாகக் கிடந்தாலும் அது வாய் திறக்காது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை.

"நாலாம் கட்டிலும் உப்பிடித்தானோ?" என்று திரும்பி வந்த துஷ்யந்தியிடம் கேட்டார் யோகன் அண்ணை.

"ஓம் அண்ணை."

"அந்த வழியை உடனே அடைத்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தியவன் நான்தான். யோகன் அண்ணை அடைத்தார். கந்தையாவின் மானிட்டர் எப்போதும்போல் ஓடியது. வெளியே போகும் வழி மட்டும் மூடியது. பாஸ்வேர்டையும் மாற்றினோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டு நிமிடத்தில் வாசுகியின் போன் அடித்தது. டொரொண்டோவில் அப்போதுதான் விடிகிறது. ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் உடைந்து அழுதது.

"அக்கா, திரை கறுப்பாப் போயிட்டுது. ஐயா போயிட்டாரோ? சொல்லக்கா."

கள்ளனைப் பற்றி மட்டும் யோசித்தேனே ஒழிய, அந்த வாசலில் ஒரு மகன் காத்து நிற்பதை நான் யோசிக்கவே இல்லை. வாசுகி பதில் சொல்லுமுன் கந்தையா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நான் இருக்கிறன் தம்பி. அழாதை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ரண்டு கிழமையா என்ரை நெஞ்சைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனி. இண்டைக்குத்தான் என்னோடை கதைக்கிறாய். சாப்பிட்டனியோ?"

காலையும் மாலையும் கூப்பிடுவதாக மகன் ஒப்புக்கொண்டார். யோகன் அண்ணை அவரிடம் நேரம் குறித்து வாங்கி, தாதியரின் மேசையில் எழுதி வைத்தார். நான் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை, ஆள் இருக்கிறார்தானே" என்றார்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. இதுவரை எழுதாத ஒன்று உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியிலும் கருவிகளுக்கும் பார்க்க வருபவர்களுக்கும் ஒரே வைஃபைதான். அதன் பாஸ்வேர்ட் என் கையெழுத்திலேயே வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. திங்கட்கிழமை அதைக் கிழிப்பேன். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், இங்கிருந்து யாருடன் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிழிப்பேன்.