மெஹபூப் அலி கேட்ட பந்தயங்கள்

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் பெயரெடுத்த ஜாக்கி மெஹபூப் அலி. தொண்ணூற்றொன்றில் ஒரு பந்தயத்தின் கடைசி வளைவில் குதிரை இடறி, அவர் தலை வேலிக் கம்பியில் மோதியது. உயிர் பிழைத்தார்; பார்வை போய்விட்டது. இனி அந்தப் பக்கமே போக மாட்டார் என்றுதான் மனைவி நஸ்ருன்னிசா நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பிய மறு மாதமே, இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார்.

"ஆட்டோ கூப்பிடு. ரேஸுக்குப் போலாம்."

பணம் கட்ட அல்ல; கேட்க. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் சொல்லச் சொல்ல அவருக்குள் குதிரைகள் ஓடின. சிலர் சொன்னால் ஓடின, சிலர் சொன்னால் நின்றுவிட்டன. அதை முகத்துக்கு நேராகவே சொல்வார்: "நாலாவது குதிரைய வளைவுல தொலைச்சிட்ட நைனா."

தொண்ணூற்றைந்தில் பழைய வர்ணனையாளர் ஓய்வு பெற்றார். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மெஹபூப் அலியையும் சேர்த்தார்கள். போட்டிக்கு இருவர். வெள்ளைத்துரை, விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர். மேற்கு மாம்பலம் ஸ்ரீரஞ்சனி, வங்கி ஊழியை; சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு பந்தயம் பார்த்தவள். ஆளுக்கொரு பந்தயத்தை ஆங்கிலத்தில் வர்ணித்தார்கள்.

வெள்ளைத்துரையின் குரல் மைதானமே அதிர முழங்கியது. குழுவினர் கைதட்டினார்கள். ஸ்ரீரஞ்சனிக்கு மெலிந்த குரல். பாதி ஓட்டத்தில் ஒரு குதிரையின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "கரெக்‌ஷன்" என்று திருத்திக்கொண்டு மேலே போனாள்.

"தப்பு பண்ணிட்டாங்களே" என்றார் குழுத் தலைவர்.

"பண்ணாங்க. உடனே ஒத்துக்கினாங்க இல்ல? அதனாலதான் மீதிய நம்புறேன்" என்றார் மெஹபூப் அலி. "கடைசியா வந்த குதிரை எங்க சோர்ந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியும். திருப்பத்துக்கு முன்னாடி, வெளிப்பக்கம். அந்தம்மா காட்டுச்சு. வெள்ளைத்துரை ரேஸ்ல முன்னால போன ரெண்டத் தவிர மத்ததெல்லாம் இன்னா ஆச்சு?"

கண்ணால் பார்த்தவர்களுக்கே அது நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய பந்தய நாட்கள் வெள்ளைத்துரைக்கு, கூட்டம் குறைந்த நாட்கள் ஸ்ரீரஞ்சனிக்கு என்று முடிவானது.

நடந்ததைக் கேள்விப்பட்ட வெள்ளைத்துரை கோபத்தோடு மெஹபூப் அலியின் வீட்டுக்கே வந்தார்.

"என் குரல்ல இன்னா சார் குறை?"

"ஒண்ணும் இல்ல. குரல் மட்டுந்தான் கேட்டுச்சு, குதிரை வரல. ஆரம்பத்துலயே கத்திட்டா முடிவுல எங்க போவ? முதல்ல பேசு. நடுவுல பின்னாடி வர்றதையும் பாரு. கத்துறது கடைசில போதும்."

நஸ்ருன்னிசா வைத்த டீயைத் தொடாமலே அவர் எழுந்து போனார். ஒரு சீசன் ஓட்டிவிட்டு விளம்பர வேலைக்கே திரும்பிவிட்டார். பெரிய நாட்களும் ஸ்ரீரஞ்சனியிடம் வந்தன.

அவளுடைய முதல் பெரிய பந்தயம் முடிந்ததும், வர்ணனையாளர் மாடியிலிருந்து நேரே மெஹபூப் அலியிடம் இறங்கி வந்தாள்.

"எப்படி சார் இருந்தது?"

"ஏழு குதிரையப் பார்த்தேன். எட்டாவது எங்க?"

"அது ஓடவே இல்ல, ஸ்டார்ட்டிங் கேட்டுலயே நின்னுடுத்து சார். சொன்னேனே!"

"ஆமாங்க, சொன்னாங்க" என்றாள் நஸ்ருன்னிசா. "பக்கத்துல ஜனங்க கத்தின கத்துல உங்களுக்குத்தான் கேக்கல."

"அப்ப சரி" என்று சிரித்தபடி எழுந்தார் மெஹபூப் அலி. "ஏழும் ஜோரா ஓடுச்சும்மா."